ஆவணக் குறிப்புரைகளில் பயனர்பெயர்ப் பதிவு

ஆவணக் குறிப்புரைகளில் பயனர்பெயர்ப் பதிவு என்பது, ஒரு மின்னாவணத்தின் மீது வாசகரோ மெய்ப்புத் திருத்துநரோ அலுவலரோ இடும் குறிப்பு, அடிக்கோடு, திருத்தம் முதலியவற்றுடன், அதை இட்டவரின் பெயரையும் இட்ட நேரத்தையும் நிரல் வழியாகத் தானாகவே சேர்த்து வைக்கும் முறையாகும். இதற்கெனப் பெரிய மென்பொருள் தேவைப்படுவதில்லை. ஆவண மென்பொருளுக்குள் இயங்கும் சில வரிச் சிறுநிரல்களே (ஸ்கிரிப்ட்) இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன.

ஒரு குறிப்பின் அருகில் பெயர் தெரிவதால் மட்டும் அப்பெயருக்குரியவரே அதை எழுதினார் என்று கொள்ள இயலாது. சிறுநிரல் அப்பெயரை எங்கிருந்து எடுத்தது, யாருடைய கணினியில் எழுதியது, எழுதிய பின் அதை மாற்ற யாரால் இயலும் என்பவற்றைப் பொறுத்தே அதன் நம்பகத்தன்மை அமைகிறது. பலர் கூடி ஒரே ஆவணத்தைத் திருத்தும் இடங்களில் இது உழைப்புக்கு உரிய பெயர் கிடைப்பதையும் பிழைக்கு உரியவர் பொறுப்பேற்பதையும் பாதிக்கின்றது. தமிழ் நூல்களை மின்னுருவாக்கும் தன்னார்வத் திட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

பின்னணி

ஓர் எழுத்தின் மீது மற்றொருவர் குறிப்பு எழுதுவது தமிழுக்குப் புதியதன்று. உரை மரபு முழுவதுமே அத்தகையது. அம்மரபில் பெயரும் குறிப்பும் பிரிந்து போனதற்கு இருவகைச் சான்றுகளும் உள்ளன. புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை கிடைத்துள்ளது, ஆனால் அவ்வுரையை எழுதியவர் இன்னாரென்று தெரியவில்லை. திருக்குறளிலோ நிலைமை நேர்மாறானது. உரையாசிரியர் பதின்மர் என்று மரபு கூறுகிறது. அவர்களுள் மணக்குடவர், பரிமேலழகர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள் ஆகியோரின் உரைகள் கிடைக்கின்றன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகியோருக்குப் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. ஓரிடத்தில் பெயரில்லாத குறிப்பும் மற்றோரிடத்தில் குறிப்பில்லாத பெயரும் நிற்கின்றன. குறிப்பையும் பெயரையும் ஒரே அலகாகப் பிணைத்து வைப்பதே இக்கட்டுரையில் கூறப்படும் தொழில்நுட்பத்தின் நோக்கம்.

அரசு அலுவலகங்களில் இப்பிணைப்பு தாளிலேயே கண்டிப்பாகப் பேணப்பட்டது. தமிழ்நாட்டு அலுவலக நடைமுறையில் குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு எனக் கோப்பு இருகூறாக இருக்கும். குறிப்புக் கோப்பில் ஒவ்வொருவரும் தம் குறிப்பின் கீழ்ச் சுருக்கொப்பமும் நாளும் இடுவர். குறிப்பு எழுதியவர் பணியிடம் மாறிய பின்னும் அச்சுருக்கொப்பத்தைக் கொண்டு அவரை அடையாளம் காணலாம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மின்-அலுவலக மென்பொருள் இவ்வழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் மஞ்சள் குறிப்பு என்பது வரைவு, அதைத் திருத்தலாம் அல்லது நீக்கலாம். பச்சைக் குறிப்பு என்பது இறுதியானது. குறிப்பாளரின் பெயரும் பதவியும் நேரமும் குறிப்புடன் சேர்ந்தே நிற்கும். பச்சை நிறம் அலுவலகக் குறிப்புத் தாளின் நிறத்தை நினைவூட்டுவது.

பெயரின் தோற்றுவாய்

சிறுநிரல் ஒன்று பயனரின் பெயரை அறிந்துகொள்ளப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, மென்பொருளின் அமைப்புப் பகுதியில் பயனர் தாமே தட்டச்சிட்ட பெயர். இது எளிமையானது, வலுக்குறைந்தது. எவரும் எப்பெயரையும் அங்கே இடலாம். இரண்டாவது, இயங்குதளத்தின் புகுபதிகைப் பெயர். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் உள்ள அலுவலகத்தில் இது ஓரளவு நம்பத்தக்கது. ஒரே கணக்கைப் பலர் பகிரும் இடங்களில் பயனற்றது. மதுரையில் வில்லாபுரம், அவனியாபுரம் போன்ற பகுதிகளிலும் பிற ஊர்களிலும் உள்ள டிடிபி மையங்களை எண்ணிப் பார்க்கலாம். பொதுக் கணினி ஒன்றில் காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவரும் மெய்ப்புத் திருத்தினால் எல்லாக் குறிப்புகளும் 'அட்மின்' என்றோ கடையின் பெயரிலோதான் பதிவாகும். நூலாசிரியருக்குத் திரும்பும் கோப்பில் மூவர் செய்த திருத்தங்கள் ஒருவர் செய்தவை போலத் தோன்றும்.

மூன்றாவது, வழங்கியில் உள்ள கணக்கு. விக்கித் திட்டங்கள், கூகுள் ஆவணங்கள் ஆகியவை இவ்வகையின. இங்குப் பெயரை எழுதுவது பயனரின் கணினியன்று, வழங்கியே. எனவே பயனரால் தாம் விரும்பிய பெயரை அங்கு நுழைக்க இயலாது. நான்காவது, எண்முறைச் சான்றிதழ். இதில் பெயருடன் மறையீட்டுக் கையொப்பமும் சேர்ந்திருக்கும்.

நான்கு வழிகளிலும் திரையில் தெரிவது ஒரே மாதிரியான பெயர்தான். குறிப்பைப் படிப்பவரால் அப்பெயர் எவ்வழியில் வந்தது என்று பார்த்த அளவில் கூற முடியாது. இத்துறையில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம் எனலாம்.

பிடிஎஃப் ஆவணங்கள்

அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட பிடிஎஃப் வடிவம் 2008ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 32000-1 என்ற பன்னாட்டுச் சீர்தரமானது. இதில் குறிப்புரை என்பது பக்கத்தின் உள்ளடக்கத்தோடு கலவாமல் மேலே ஒட்டப்படும் தனிப்பொருள். ஒவ்வொரு குறிப்புரையும் ஒரு சிறு அகராதியாகச் சேமிக்கப்படுகிறது. அதன் 'கன்டென்ட்ஸ்' என்னும் உள்ளீட்டில் குறிப்பின் வாசகமும், 'எம்' என்னும் உள்ளீட்டில் கடைசியாக மாற்றிய நேரமும், 'டி' என்னும் ஓரெழுத்து உள்ளீட்டில் பெயரும் இடம்பெறும்.

இந்த 'டி' பற்றிச் சீர்தரம் கூறுவது கவனிக்கத்தக்கது. அது குறிப்புச் சாளரத்தின் தலைப்புப் பட்டையில் காட்டப்பட வேண்டிய உரை என்றும், குறிப்பைச் சேர்த்தவரை அடையாளம் காட்டுவது என்றும் மட்டுமே கூறுகிறது. அப்பெயர் உண்மையானதா என்று எந்த மென்பொருளும் சோதிக்க வேண்டியதில்லை.

அக்ரோபாட் மென்பொருளில் குறிப்புரைகளை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய சிறுநிரல்களால் கையாளலாம். ஒவ்வொரு குறிப்புரைக்கும் 'ஆதர்' என்னும் பண்பு உண்டு. அதன் மதிப்பே கோப்பில் 'டி' உள்ளீடாகிறது. பயனரின் பெயரைப் பெறுவதற்கு 'ஐடென்டிட்டி' என்னும் பொருள் உள்ளது. அதில் நான்கு விவரங்கள் கிடைக்கும்: இயங்குதளப் புகுபதிகைப் பெயர், பயனர் அமைப்புகளில் இட்ட பெயர், நிறுவனப் பெயர், மின்னஞ்சல் முகவரி. ஆவணத்தில் உள்ள குறிப்புரைகளை எல்லாம் பட்டியலாகப் பெற்று, ஆதர் பண்பு வெறுமையாக உள்ளவற்றில் இப்பெயரை நிரப்பும் நிரலை ஏழெட்டு வரிகளில் எழுதிவிடலாம்.

ஆனால் அந்நிரலை ஆவணத்துக்குள்ளேயே வைத்தால் அது வேலை செய்யாது. தொடக்க நிலையினர் பலரும் தடுக்கி நிற்கும் இடம் இது. ஐடென்டிட்டி பொருளை எந்த ஆவணமும் படிக்கலாம் என்றிருந்தால், முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய கோப்பைத் திறந்த உடனேயே திறந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் அந்தக் கோப்பின் நிரலுக்குத் தெரிந்துவிடும். ஆகவே சிறப்புரிமை உள்ள சூழல்களில் மட்டுமே அதைப் படிக்க அனுமதி உண்டு. அக்ரோபாட் தொடங்கும்போது இயங்கும் நிரல்களும் நிரல் முனையத்தில் நேரடியாக இடப்படும் கட்டளைகளும் அத்தகையவை.

நடைமுறையில் இதற்குக் கையாளப்படும் வழி, பயனரின் கணினியில் அக்ரோபாட்டின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புறைக்குள் நிரல் கோப்பு ஒன்றை வைப்பதாகும். அதில் பெயரைப் படிக்கும் செயற்கூறு 'நம்பத்தக்க செயற்கூறு' என அறிவிக்கப்படும். அதனுள் சிறப்புரிமை தொடங்கும் இடமும் முடியும் இடமும் குறிக்கப்படும். இவ்வசதி ஏழாம் பதிப்பில் அறிமுகமானது. பின்னர் ஆவணத்தில் உள்ள நிரல் அச்செயற்கூற்றை அழைத்துப் பெயரைப் பெற்றுக்கொள்ளும். ஒவ்வொரு கணினியிலும் கோப்பை நிறுவ வேண்டியிருப்பது இம்முறையின் குறை. ஐம்பது கணினிகள் உள்ள அலுவலகத்தில் இது ஒரு நாள் வேலையாக இருக்கும். நம்பத்தக்க செயற்கூறு எனில் அதை எந்த ஆவணமும் அழைக்கலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. பெயரை அப்படியே திருப்பித் தரும் செயற்கூற்றை எழுதினால், மென்பொருள் மூடி வைத்த கதவை நிறுவியவரே திறந்து விட்டதாகிவிடும். பெயரைத் திருப்பித் தராமல், குறிப்புரையில் எழுதுவதையும் செயற்கூற்றுக்குள்ளேயே முடித்துவிடுவது மேலானது.

நிரல் எழுதாமலும் ஓரளவு பயன் பெறலாம். அக்ரோபாட்டின் கருத்திடல் அமைப்புகளில், குறிப்பின் ஆசிரியராக எப்போதும் புகுபதிகைப் பெயரையே இடுமாறு கூறும் தெரிவு ஒன்று உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் பயனர் ஆசிரியர் பெயரைப் பண்புகள் சாளரத்தில் மாற்ற இயலாது. தெரிவை நீக்கினால் மாற்றலாம். மேலும் பிடிஎஃப் ஒரு திறந்த சீர்தரம் ஆதலால், வேறொரு மென்பொருளைக் கொண்டு 'டி' உள்ளீட்டை மாற்றுவதை இத்தெரிவு தடுக்காது.

உரைத்தொகுப்பு ஆவணங்கள்

மைக்ரோசாப்ட் வேர்டின் டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதி. அதனைப் பிரித்தால் உள்ளே கருத்துரைகளுக்கெனத் தனி எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். ஒவ்வொரு கருத்துரையிலும் ஆசிரியர் பெயர், முன்னெழுத்துகள், நேரம் ஆகியவை பண்புகளாக எழுதப்பட்டிருக்கும். பெயர் கட்டாயம், நேரம் விருப்பத்துக்குரியது. இவை யாவும் வெறும் உரை. சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து மாற்றிவிட்டு மீண்டும் பொதியாக்கினால் வேர்டு எவ்வித எதிர்ப்பும் இன்றி ஏற்றுக்கொள்ளும். 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், கருத்துரையாளர்களின் இணையக் கணக்கு விவரத்தைத் தாங்கும் கூடுதல் கோப்பொன்றும் பொதியில் சேர்க்கப்படுகிறது. அதுவும் அதே பொதிக்குள் உள்ள உரைதான்.

லிப்ரெஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் வடிவத்தில் பெயருக்கு 'கிரியேட்டர்', நேரத்துக்கு 'டேட்' என்னும் டப்ளின் கோர் உறுப்புகள் கையாளப்படுகின்றன. நூலகத் துறையில் நூலாசிரியரைக் குறிக்கும் அதே உறுப்பு இங்கே குறிப்பாசிரியரைக் குறிக்கின்றது. லிப்ரெஆபிசின் பயனர் தரவுப் பகுதி நிரப்பப்படாவிட்டால் குறிப்புகள் 'அறியப்படாத ஆசிரியர்' என்ற பெயரில் நிற்கும். பைத்தான் மொழியில் எழுதிய சிறுநிரலால் அப்பெயர்களை நிரப்ப முடியும். புறநானூற்று உரையாசிரியருக்கு நேர்ந்த நிலை இத்தகைய கோப்புகளில் நாள்தோறும் நேர்கிறது.

தமிழ்ப் பெயர்களும் குறியேற்றமும்

பயனர்பெயர் தமிழில் இருக்கும்போது தனிச் சிக்கல்கள் எழுகின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை பெரும்பாலும் காணப்படுவதில்லை.

பிடிஎஃப் வடிவத்தில் பெயர் போன்ற உரைகளுக்குத் தொடக்கத்தில் இரு குறியேற்றங்களே அனுமதிக்கப்பட்டன. ஒன்று அந்த வடிவத்துக்கே உரிய ஒற்றை பைட்டுக் குறியேற்றம், இதில் தமிழுக்கு இடமில்லை. மற்றது யூடிஎஃப்-16. இதனைப் பயன்படுத்தும்போது உரையின் தொடக்கத்தில் இரண்டு பைட்டு அடையாளக் குறி இட வேண்டும். 'மதுரை' என்னும் சொல்லில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து ஒருங்குறிக் குறியெண்கள் உள்ளன. ஆகவே அது பத்து பைட்டும் அடையாளக் குறியும் சேர்ந்து பன்னிரண்டு பைட்டு ஆகும். இவ்வடையாளக் குறியை நிரல் எழுதுபவர் விட்டுவிட்டால் பெயருக்குப் பதில் பொருளற்ற குறிகள் தோன்றும். 2017ஆம் ஆண்டு வெளியான ஐஎஸ்ஓ 32000-2 சீர்தரம் யூடிஎஃப்-8 குறியேற்றத்தையும் அனுமதித்தது. அதில் அதே சொல் மூன்று பைட்டு அடையாளக் குறியுடன் பதினெட்டு பைட்டு ஆகும். பழைய மென்பொருள்கள் யூடிஎஃப்-8 வடிவைப் படிக்கத் தவறலாம் என்பதால் யூடிஎஃப்-16 முறையே பாதுகாப்பானது.

அடுத்த சிக்கல் நுட்பமானது. ஒருங்குறியில் 'கோ' என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கலாம், அல்லது ஏகாரக் குறி, கால் என இரு குறியெண்களாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு. 'கோபால்' என்பவர் வீட்டிலும் அலுவலகத்திலும் இருவேறு விசைப்பலகை மென்பொருள்களைக் கொண்டு தம் பெயரை இட்டிருந்தால், ஆசிரியர் வாரியாகக் குறிப்புகளை வடிகட்டும் நிரல் அவரை இருவராகக் காட்டக்கூடும். ஒருங்குறிச் சீர்தரம் இதற்கு இயல்பாக்க விதிகளை வகுத்துள்ளது. பெயரைப் பதியும்போதும் ஒப்பிடும்போதும் இயல்பாக்கம் செய்தால் இச்சிக்கல் தீரும்.

'ஸ்ரீ' என்னும் எழுத்துக்கு அந்த இயல்பாக்கமும் உதவாது. சகரக் கிரந்த எழுத்தான 'ஶ' 2005ஆம் ஆண்டு ஒருங்குறி 4.1 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 'ஸ' கொண்டே ஸ்ரீ எழுதப்பட்டது. இரு வடிவங்களையும் பல எழுத்துருக்கள் ஒரே தோற்றத்தில் காட்டுகின்றன. ஆனால் சீர்தரத்தின்படி அவை சமமானவை அல்ல. ஸ்ரீதர், ஸ்ரீவித்யா போன்ற பெயர்கள் மிகுந்த இடங்களில் இவற்றை ஒன்றாகக் கருதுமாறு நிரலில் தனியே விதி எழுத வேண்டும்.

முன்னெழுத்து பற்றியும் ஒரு சொல். தமிழர் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லாமையால், முதற்பெயர், கடைப்பெயர் என இரு கட்டங்கள் வைக்கும் மென்பொருள்கள் முன்னெழுத்தை ஒருநேரம் முன்னும் ஒருநேரம் பின்னும் இடுகின்றன. ஒரே அலுவலகத்தில் இரு குமார்கள் இருந்தால் அவர்களை வேறுபடுத்துவது அந்த ஓரெழுத்தே. எனவே பெயரை மட்டும் பதியாமல், மாறாத பயனர் எண் ஒன்றையும் சேர்த்துப் பதிவது நல்லது.

தமிழ் மின்னூல் திட்டங்களில்

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு சனவரி 14 பொங்கல் நாளன்று தொடங்கப்பட்டது. சங்கம் இருந்த நகரத்தின் பெயரைத் தாங்கினாலும் இதன் பணி முழுவதும் இணைய வழியே நடந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதனை ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் அனுப்பினர். ஒவ்வொரு மின்னுரையின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர் இவர், மெய்ப்புப் பார்த்தவர் இவர் என நன்றிக் குறிப்பு இடம்பெறும். தொடக்ககாலக் கோப்புகள் தகுதரக் குறியேற்றத்திலிருந்து பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டபோதும் அக்குறிப்புகள் உடன் வந்தன.

இது கையால் எழுதப்படும் பெயர்ப்பதிவு. ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரையும் அறிந்திருப்பதே இதற்கு உறுதி. ஆயினும் நூல் முழுமைக்கும் சேர்த்து ஒரு குறிப்பே இருப்பதால், குறிப்பிட்ட ஒரு வரியை யார் திருத்தினார் என்று இதைக் கொண்டு அறிய இயலாது.

விக்கித் திட்டங்களில் பதிவு வரிவரியாக, வழங்கியால் எழுதப்படுகிறது. பேச்சுப் பக்கத்தில் கருத்திடுபவர் நான்கு அலைக்குறிகளை இட்டால், சேமிக்கும் நேரத்தில் மீடியாவிக்கி மென்பொருள் அவற்றை நீக்கிப் பயனர்பெயரையும் நேரத்தையும் இடும். மூன்று அலைக்குறிகள் பெயரை மட்டும் தரும், ஐந்து நேரத்தை மட்டும் தரும். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் புதுப்பயனர்கள் முதலில் கற்றுக்கொள்பவற்றுள் இதுவும் ஒன்று. இவ்வாறு இடப்பட்ட கையொப்பம் பக்கத்தின் உரையாகிவிடுவதால் பிறர் அதை மாற்ற முடியும். ஆனால் பக்க வரலாற்றில் ஒவ்வொரு தொகுப்புக்கும் எதிரே உள்ள பெயர் தனியே தரவுத்தளத்தில் இருப்பது. அதைத் தொகுப்பவர் எவரும் தொட இயலாது. ஐயம் எழும்போது வரலாற்றுப் பக்கமே பார்க்கப்படுகிறது.

தமிழ் விக்கிமூலத்தில் இப்பெயர்ப்பதிவு ஒரு படி மேலே சென்று விதியாகவே செயற்படுகிறது. இங்கு நூலின் ஒவ்வொரு பக்கப் படிமத்துக்கும் எதிரே எழுத்துரை இருக்கும். மெய்ப்புப் பணிக்கான நீட்சி, பக்கத்தின் நிலையை நிறத்தால் காட்டுகிறது. சிவப்பு எனில் மெய்ப்புப் பார்க்கப்படாதது, மஞ்சள் எனில் ஒருவர் பார்த்தது, பச்சை எனில் இரண்டாமவர் சரிபார்த்தது. நீலம் சிக்கல் உள்ள பக்கத்தையும் சாம்பல் வெற்றுப் பக்கத்தையும் குறிக்கும். பயனர் நிலையை மாற்றும்போது, பக்கத்தின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் நிலை எண்ணுடன் அவரது பயனர்பெயரையும் நீட்சி எழுதி வைக்கிறது. ஒரு பக்கத்தை மஞ்சளாக்கியவருக்குப் பச்சைப் பொத்தான் காட்டப்படுவதில்லை. புகுபதியாதவர்களால் நிலையை மாற்றவே இயலாது.

ஒருவர் தம் பிழையைத் தாமே காண்பது அரிது என்பது அச்சகத்தார் நன்கறிந்த செய்தி. இரு கண்கள் காணாததை நான்கு கண்கள் காணும் என்ற அந்த நடைமுறையை இங்கே காப்பது, தலைப்பகுதியில் எழுதப்பட்ட அந்த ஒரு பெயர்தான். அப்பெயர் தவறானால் பச்சை நிறமும் பொருளிழந்துவிடும்.

இதன் முதன்மை 2016ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்படிமமாக்கிய, நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை பொதுக்கள உரிமத்தில் விக்கிமூலத்துக்குக் கிடைத்தன. அத்தனை பக்கங்களையும் கையால் தட்டச்சிட இயலாது. தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் த. சீனிவாசன் பைத்தானில் ஒரு நிரல் எழுதினார். அது நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுள் டிரைவின் எழுத்துணரி வசதிக்கு அனுப்பி, கிடைத்த உரையை விக்கிமூலத்தின் உரிய பக்கத்தில் சேர்க்கும். நிரலின் அமைப்புக் கோப்பில் எந்த விக்கிக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தரப்பட்டதோ, அக்கணக்கின் பெயரிலேயே பக்கங்கள் பதிவாகும்.

இங்கே பெயர்ப்பதிவு புதியதொரு கேள்வியைச் சந்தித்தது. பக்கத்தை உருவாக்கியவர் யார்? வரலாற்றின் முதல் வரியில் நிற்பது நிரலை இயக்கியவரின் கணக்கு. எழுத்துகளை இனங்கண்டது கூகுளின் வழங்கி. பக்கத்தைப் படிக்கத்தக்கதாக ஆக்குபவரோ பின்னர் வரும் மெய்ப்பாளர். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியன பழைய கூட்டு வடிவில் இருக்கும். ரகரமும் காலும் தோற்றத்தில் நெருங்கியவை. இவற்றில் எழுத்துணரி தடுமாறுவது இயல்பு. அப்பிழைகளை ஒவ்வொன்றாக நீக்குபவரின் பெயர் பங்களிப்பு எண்ணிக்கையில் ஒரு பக்கத்துக்கு ஒரு தொகுப்பு என்றே தெரியும். ஓர் இரவில் ஆயிரக்கணக்கான பக்கங்களை உருவாக்கும் கணக்கோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய எண்.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் கொண்டு உழைப்பை அளப்பது பொருந்தாது. நிரல்களைத் தனியான தானியங்கிக் கணக்கில் இயக்குவது விக்கித் திட்டங்களின் பொது வழக்கம். அவ்வாறு செய்தால் மனிதரின் பெயரில் இயந்திரத்தின் வேலையும் இயந்திரத்தின் பெயரில் மனிதரின் வேலையும் சேராது. அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் தானியங்கித் தொகுப்புகளை மறைத்துப் பார்க்கவும் இயலும். எழுத்துணரிப் பக்கங்கள் இயல்பாகச் சிவப்பு நிலையில் தொடங்குவதும் இவ்வகையில் சரியான ஏற்பாடே. தானியங்கி எழுதிய பக்கத்தை மஞ்சளாக்க ஒரு மனிதரும் பச்சையாக்க வேறொரு மனிதரும் தேவைப்படுகின்றனர்.

கணக்கின் பெயரை மாற்றிக்கொள்ளும்போது மற்றொரு விளைவு உண்டாகிறது. பெயர் மாற்றப்பட்டால் பக்க வரலாறுகளில் புதுப் பெயர் தோன்றும். ஆனால் உரைக்குள் எழுதப்பட்ட கையொப்பங்களும் மெய்ப்புத் தலைப்பகுதியில் உள்ள பெயரும் பழையனவாகவே இருக்கும். இதை அறியாதவர்க்கு ஒருவரே இருவராகத் தோன்றுவார்.

கையொப்பமும் சட்டமும்

பெயர்ப்பதிவு கையொப்பம் ஆகாது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 மின்பதிவொன்றை உறுதிப்படுத்துவதற்கு இணைத்திறவி மறையீட்டையும் சுருக்கச் சார்பையும் கொண்ட எண்முறைக் கையொப்பத்தைக் கூறுகிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் மின்னணுக் கையொப்பம் என்னும் விரிந்த வகையைச் சேர்த்தது. சிறுநிரல் எழுதிய பெயர் இவற்றுள் அடங்காது. ஆயினும் பிறருடைய கடவுச்சொல்லையோ தனித்த அடையாளக் கூற்றையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவது அச்சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றமாகும். இதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. நீதிமன்றத்தில் மின்பதிவைச் சான்றாக வைப்பதற்குரிய சான்றிதழ் விதி, இந்தியச் சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம், 2023இன் 63ஆம் பிரிவு அதன் இடத்தைப் பெற்றது.

பிடிஎஃப் கோப்பில் எண்முறைக் கையொப்பம் இட்ட பின் குறிப்புரை சேர்க்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுவதாகும். சான்றளிக்கும் கையொப்பத்தை இடுபவர் மூன்று நிலைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். முதல் நிலையில் எம்மாற்றமும் கூடாது. இரண்டாவதில் படிவம் நிரப்புவதும் ஒப்பமிடுவதும் கூடும். மூன்றாவதில் குறிப்புரைகளும் கூடும். மூன்றாம் நிலையில் பின்னர் சேரும் குறிப்புகள் கோப்பின் இறுதியில் ஒட்டப்படுவதால் முன்னைய கையொப்பம் கெடாது. அதே காரணத்தால், அக்குறிப்புகளில் உள்ள பெயர்களுக்கு முன்னைய கையொப்பம் எவ்வகையிலும் பொறுப்பாகாது. குறிப்பாளரின் பெயரும் உறுதியாக வேண்டுமெனில் அவரும் தனியே ஒப்பமிட வேண்டும்.

தனியுரிமை

பெயர் பதியப்படுவதை விரும்பாத சூழல்களும் உள்ளன. ஆய்விதழ்களில் மதிப்பீட்டாளர் யாரென்று கட்டுரையாளருக்குத் தெரிவிப்பதில்லை. அவர் கட்டுரைக் கோப்பிலேயே குறிப்புகள் இட்டு அனுப்பினால் மென்பொருள் அவர் பெயரைக் காட்டிக் கொடுத்துவிடும். விடைத்தாள் திருத்துவோர்க்கும் இது பொருந்தும். வேர்டில் சேமிக்கும்போது தனிப்பட்ட தகவல்களை நீக்கும் தெரிவு உண்டு. அதனை இயக்கினால் பெயர்கள் யாவும் 'ஆதர்' என்னும் பொதுச்சொல்லாக மாறும். பிடிஎஃப் கோப்புகளில் ஒரு சிறுநிரலால் எல்லாக் குறிப்புரைகளின் ஆதர் பண்பையும் 'மதிப்பீட்டாளர் 1', 'மதிப்பீட்டாளர் 2' என மாற்றி அனுப்பலாம். பெயரை எழுதும் நிரலுக்கும் அழிக்கும் நிரலுக்கும் ஒரு வரியே வேறுபாடு. கோப்பின் பொதுப் பண்புகளில் உள்ள ஆசிரியர் பெயர் இதனால் நீங்குவதில்லை என்பதால் அதனைத் தனியே பார்த்து நீக்க வேண்டும்.